மாப்பிள்ளைக் கட்டில்

மல்லாக்கப் படுத்தாத்தான் கூரை தெரியும் எண்டது அரியத்துக்கு இப்பதான் விளங்கினது. இந்த மண்டபத்துக்குள்ள வந்து எவ்வளவு காலமாச்சு, இவ்வளவு காலமும் தலைக்கு மேல என்ன கிடக்கெண்டு அவன் பாத்ததேயில்லை, பாக்க வழியுமில்லை, ஏனெண்டா இஞ்ச எல்லாரும் சரிஞ்சுதான் படுக்கிறது, ஒருத்தன்ர முதுகும் நாரியும் மற்றவன்ர வயித்தோட, பெட்டியில அடுக்கின சூடை மீன் மாதிரி, கண்ணுக்கு முன்னால எப்பவும் ஒரு பிடரிதான். பிடரிச் சாத்திரம் கேட்டியளெண்டா அரியம் சொல்லுவான், ஆற்ற பிடரியில தேமல், ஆற்ற பிடரியில பேன், ஆருக்குக் காதுக்குப் பின்னால கழுவிப் பழக்கமில்லை, எல்லாம். கூரை மட்டும் தெரியாது. இப்ப தெரியுது. தகரம். பழைய தகரம், அதில ஆணி கழண்ட ஒரு ஓட்டை, ஓட்டைக்குள்ளால வெய்யில் இறங்கி எதிர்ச் சுவரில வட்டமா, சின்ன ரொட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு நிக்குது. சமையல்காரப் புத்தி, சாகக் கிடக்கேக்கையும் சூரியனைப் பாத்து ரொட்டி எண்டுதான் சொல்லும். சாகக் கிடக்கேக்கை. பாத்தியளோ, நினைக்கக்கூடாதெண்டு வைச்சிருந்த சொல்லு எந்த வேலிப் பொட்டுக்குள்ளால வந்து பூந்திட்டுது. அந்தச் சொல்லை நாக்கால தள்ளிவிடப் பாத்தான், நாக்கு அசையேல்லை, அண்ணத்தில ஒட்டிப்போய்க் கிடந்தது. சரி, கூரையைப் பாப்பம். இது முந்தி நெல்லுக் களஞ்சியம். மூட்டை அடுக்கின இடத்தில இப்ப ஆக்களை அடுக்கியிருக்கு, சண்டையில பிடிபட்டவை, கையைத் தூக்கிக்கொண்டு வந்தவை, சும்மா வழியில நிண்டவை, எல்லாருக்கும் ஒரே பேர், கைதி. நெல்லெண்டா இதைவிடக் கவனமா வைச்சிருப்பாங்கள், ஈரம் படவிடாங்கள், எலி கடிக்கவிடாங்கள் எண்டு அரியம் வந்த புதிசில பகிடி விட்டவன், அப்ப எல்லாரும் சிரிச்சவங்கள், சிரிக்கிறதுக்குச் சதை இருந்தது. இடம் காணாது. ஒரு பக்கம் கிடந்து நாரி மரத்துப்போச்செண்டா தனிய ஒருத்தன் திரும்ப ஏலாது, திரும்பினா வரிசை முழுக்கத் திரும்பவேணும். அதுக்குத்தான் மரியநாயகம் அண்ணை. மன்னாரில கரைவலை இழுத்த மனிசன், கடலுக்கு அந்தப் பக்கம் கேக்கிற தொண்டை. பதம் பாத்து அவர் "ஏலோ..." எண்டு ஒரு குரல் வைப்பார், முழு வரிசையும் "ஏலோ" எண்டு ஒரே புரட்டில மற்றப் பக்கம் திரும்பும். காய்ச்சலோ வயித்தாலடியோ, வருத்தம் முத்தினவன் மட்டும் திரும்பமாட்டான். அவனைக் கழிவுத் தண்ணி ஓடுற காணோரம், சுவர்ப் பக்கமா மல்லாக்கக் கிடத்திறது. மல்லாக்கக் கிடந்தா ரெண்டு பேற்ற இடம் போகும், அதுக்கு ஒருத்தன் எழும்பி நிக்கவேணும். ஆரும் எழுதி வைச்ச சட்டமில்லை, ஆனா மாட்டனெண்டு ஆரும் சொன்னதுமில்லை. அந்த இடத்துக்கு மாப்பிள்ளைக் கட்டில் எண்டு பேர். பேர் வைச்சது ஆரெண்டு கேக்கிறியளோ? வேற ஆர், உந்த ஒட்டிக்கிடக்கிற நாக்குத்தான்.

சிவபாதத்தைக் கிடத்தேக்கை வைச்ச பேர். நெருப்புக்காய்ச்சல் அவனுக்கு, உடம்பு தோசைக்கல்லு மாதிரி, அவன் முழிச்சு முழிச்சுக் கூரையைப் பாத்துக்கொண்டு கிடந்தான், அரியம் பக்கத்தில குந்தி, "என்ன மாப்பிள்ளை, தனிக் கட்டில், தனி இடம், பக்கத்தில தோழன் வேற நிக்கிறான், பொம்பிளை வீட்டுக்காரர் எப்ப வருகினம்?" எண்டான். சிவபாதம் சிரிச்சான். உண்மையாச் சிரிச்சான், பல்லெல்லாம் காஞ்சு போயிருந்தது, அப்பிடியும் சிரிச்சான். பேந்து செங்கண்மாரிக்காரன் ஒருத்தன், கண்ணும் தோலும் மஞ்சளாப் போனவன், அவனுக்கு, "மஞ்சள் பூசி முடிஞ்சுது மாப்பிள்ளை, இனித் தாலிதான்" எண்டான். பேந்து வயித்தாலடி வந்தவங்கள், ஒருத்தனுக்குப் பின்னால ஒருத்தன், எல்லாருக்கும் ஒவ்வொரு பகிடி வைச்சிருந்தான், சோத்துப் பார்சலுக்கு மேல ஒரு துண்டுக் கருவாடு வைக்கிற மாதிரி. எல்லாரும் மாப்பிள்ளைதான். எழும்பிப் போன மாப்பிள்ளை ஒருத்தனுமில்லை. எல்லாரையும் பலகையிலதான் கொண்டுபோனது. அரியம் அதை யோசிக்கேல்லையெண்டில்லை, யோசிச்சான், யோசனை வரேக்கை இன்னும் பெரிசாப் பகிடி விட்டான். இப்ப அவன் கிடக்கிறான். அதே சாக்கு, அதே சுவர், அதே ஓட்டை. சிவபாதமும் இந்த ஓட்டையைத்தான் பாத்திருக்கவேணும். செங்கண்மாரிக்காரனும் இதைத்தான். அவங்கள் ஒருத்தரும் சொல்லேல்லையே, டேய் அரியம், மேல ஒரு வடிவான ஓட்டை கிடக்கெண்டு. சொல்ல நாக்கு வந்திருக்காது. அதை விடு. அரியத்தைப் பயப்படுத்தினது ஓட்டையில்லை, வயிறுமில்லை, வேறையொண்டு. ஆரும் பகிடி விடேல்லை. விடியக் கிடத்தினவங்கள், சாக்கைத் தட்டி, தலைக்குச் சாறத்தை மடிச்சு வைச்சு, கன்னத்தைத் தடவிக்கூட விட்டவங்கள், அந்த முரடங்கள், ஆனா ஒருத்தன்ர வாயிலும் மாப்பிள்ளை எண்டு வரேல்லை. மண்டபமே சத்தியம் பண்ணின மாதிரி வாயை மூடிக்கொண்டு கிடக்கு. அரியம் காதைக் கூராக்கி வைச்சுக்கொண்டு கிடந்தான். ஒருத்தன் நக்கலடிச்சாப் போதும். டேய் அரியம், சோத்துக் கிடாரத்துக்குள்ள விழுந்த எலி மாதிரிக் கிடக்கிறாய் எண்டு ஒருத்தன் சொன்னாப் போதும், தப்பிடுவன். சாகப்போறவனோடதான் இவ்வளவு மரியாதையா இருப்பாங்கள்.

தண்ணிப் பேணி வந்து உதட்டில முட்டினது. மரியநாயகம் அண்ணை. "குடி." அது மட்டும்தான் சொல்லுவார், குடி, விடியத்தில இருந்து அதே சொல்லு, சாராயக்காரன்ர சிநேகிதன் மாதிரி. அரியம் ஒரு மிடறு விழுங்கினான், இனிப்பும் உப்பும், கண்ணீரில சீனி போட்ட மாதிரி ஒரு உருசை, எந்தச் சமையல்காரனும் தன்ர கையால வைச்சனெண்டு சொல்ல வெக்கப்படுவான். ஆனா இந்தத் தண்ணி சும்மா வந்ததில்லை. விடியப் பிளேன்ரீ வரேக்கை ஆளுக்கு ஒரு கரண்டி சீனி உள்ளங்கையில போடுவாங்கள், சீனியை நக்கி நக்கித் தேத்தண்ணியைக் குடிக்கிறது, நாள் முழுக்க இனிக்கிற சாமான் அது ஒண்டுதான், அதுக்காகவே கண் முழிக்கிறவங்கள் இருக்கிறாங்கள். வருத்தக்காரன் ஒருத்தன் கட்டிலில கிடந்தா எல்லாரும் பாதி நக்கிப்போட்டு மிச்சத்தை ஒரு பேணி மூடியில தட்டிவிடுவாங்கள். ஈரச் சீனி, வேர்வைச் சீனி. இந்த ஒரு மிடறில எத்தனை பேற்ற உள்ளங்கை, யோசிச்சுப் பாருங்கோ. சிரங்குக்காரன்ர கை, மூக்குத் தோண்டுற இராமலிங்கத்தின்ர கை. சிரங்குச் சீனிக்குத்தான் இனிப்புக் கூட எண்டு அரியம் முந்தி ஆருக்கோ பருக்கேக்கை சொன்னவன். இப்ப அந்தச் சிரங்குக் கையைக் கண்டா முத்தம் குடுப்பான். வேற ஆற்றயோ பசி தன்ர தொண்டையால இறங்கிப் போறதை ஒரு மனிசன் என்னெண்டு தாங்குவான்? "குடியடா." குடிச்சான். பேணியை அண்ணை வேற ஆற்ற கையிலயும் குடுக்கமாட்டார். ஏனெண்டு மண்டபத்தில எல்லாருக்கும் தெரியும். வயித்தாலடி முதல் முதல் வந்தது அவற்ற தமக்கையின்ர மகன் சவிரிக்கு. வயித்தால போறவனுக்குத் தண்ணி குடுத்தா இன்னும் போகும், காயவிட்டா நிக்கும், இதுதானே எங்கட வீடுகளில சொல்லுறது, எல்லாரும் அப்பிடித்தான் நம்பினவை. அந்தப் பெடியன் தண்ணி, மாமா தண்ணி எண்டு கேக்கக் கேக்க, மனிசன் தானும் குடியாமல், பேணியைக் கவிழ்த்து வைச்சுக்கொண்டு, பொறு ராசா, நிக்கட்டும் ராசா எண்டு மடியில வைச்சிருந்தார். நிண்டுது. எல்லாம் நிண்டுது. பேந்து ஒருநாள் வெளிநாட்டுக்காரர் மண்டபம் பாக்க வந்தவை, அதில ஒரு டொக்டர் மனிசி, வெய்யிலில சிவந்து இறால் மாதிரி, கூட வந்தவன் தமிழில சொன்னான், வயித்தால போறவனுக்குத்தான் தண்ணி வேணும், சீனியும் உப்பும் கலந்து பருக்குங்கோ, பருக்கிக்கொண்டே இருங்கோ, சலம் போச்செண்டா, ஒண்டுக்கு வந்துதெண்டா, ஆள் தப்பும். மரியநாயகம் அண்ணை அதைக் கேட்டுப்போட்டுச் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்தவர், அண்டைக்கு அவர் ஏலோ சொல்லேல்லை, வரிசை முழுக்க ஒரு பக்கமாவே கிடந்து மரத்துப்போச்சு, ஆரும் கேக்கேல்லை. அண்டையில இருந்து பேணி அவற்ற கையில. "போச்சோ?" எண்டார் இப்ப. அரியம் தலையை ஆட்டினான், இல்லை. சலம் வரேல்லை. நேற்று முழுக்க வரேல்லை, இண்டைக்கும் வரேல்லை, வயித்தால மட்டும் சும்மா கிடக்கேக்கையே போகுது, கழுவி விடுறதும் இந்த மனிசன்தான். டொக்டர் மனிசி சொன்ன பிறகு குடிச்ச ரெண்டு பேருக்கும் அது வரவேயில்லை, அவங்களுக்கு உப்பும் இருக்கேல்லை, வெறும் சீனித் தண்ணி. இப்ப உப்பு இருக்கு. அந்தோனியாரே எண்டு அண்ணை முணுமுணுக்கிறார். அங்கால ஒருத்தன் பிள்ளையாரே எண்டுறான். உலகத்தில ஆராவது இப்பிடி வேண்டுதல் வைச்சதுண்டோ, பிள்ளையாரப்பா, உந்தக் குசினிக்காரனுக்கு ஒருக்கா ஒண்டுக்கு வரப்பண்ணு எண்டு. பிள்ளையாரே தும்பிக்கையால முகத்தைப் பொத்திக்கொண்டு சிரிச்சிருப்பார்.

சிரிக்க வந்தது, வந்த இடத்திலயே காஞ்சு போச்சு. கண்ணை இடப்பக்கம் உருட்டினான், கால் தெரிஞ்சுது. ஒரு கால். நீளமான, மயிர் உதிர்ந்த கால், முழங்காலுக்குக் கீழ வீங்கி மினுங்குது. மற்றக் காலைக் காணேல்லை, மற்றதை மடிச்சுச் சுவரில ஊண்டிக்கொண்டு நிக்கிறான். தெய்வேந்திரம். கொக்கு. சனமும் சாமானும் ஏத்துற தட்டிவானில கிளீனரா நிண்டவன், தென்னை மரத்துக்குச் சாறம் கட்டின மாதிரி ஒரு உயரம், மண்டபத்தில படுத்தா ஒண்டில் தலை இடிக்கும், இல்லாட்டிக் கால் காணுக்குள்ள போகும். வந்த அண்டைக்கே அரியம், "இஞ்ச பாருங்கோடா, குளம் வத்திப்போச்செண்டு கொக்கு எங்களிட்ட வந்திருக்கு" எண்டான், அவ்வளவுதான், அதோட அது கொக்கு. வாசலில சென்றி நிக்கிற ஆமிக்காரன்கூடக் கொக்கு எண்டுதான் கூப்பிட்டான், அர்த்தம் தெரியாமல். தெய்வேந்திரத்துக்குப் பிடிக்கேல்லை, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தவன். பேந்து ஒருநாள் மத்தியானம், சோத்துக்க ஒரு கருவாட்டுத் தலை தெய்வேந்திரத்தின்ர கோப்பையில விழுந்தது, பெரிய அதிட்டம், அவன் அதைப் பிறகு தின்பமெண்டு சோத்துக்குக் கீழ ஒளிச்சு வைச்சான், அரியம் எல்லாருக்கும் கேக்க, "கொக்கு மீனை விழுங்காமல் என்னத்துக்கடா ஒளிக்குது, குஞ்சுக்கோ?" எண்டான். எல்லாரும் சிரிச்சாங்கள். தெய்வேந்திரம் சாப்பிடேல்லை. கோப்பையைத் தள்ளிவிட்டான். அவனுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருந்தது, ஷெல்லடியில போச்சு, அது அரியத்துக்கு அப்ப தெரியாது, தெரிஞ்சா சொல்லியிருப்பானோ, சொல்லியிருக்கமாட்டான், இல்லை, ஆருக்குத் தெரியும், இந்த வாய்க்குப் பிரேக் இல்லை. அதோட கதை பேச்சு நிண்டுது. முகம் பாக்கிறதுமில்லை. வரிசை திரும்பேக்கை அரியத்தின்ர மூஞ்சை தன்ர பிடரிக்கு வருமெண்டா அவன் இடம் மாறிப் படுப்பான். அப்பிடிப்பட்டவன் நிக்கிறான். நிக்கிறதுக்கு முறை வைச்சுத்தான் மாறுறது, ஆனா விடியக் கிடத்தேக்கை எழும்பினவன், இன்னும் மாறேல்லை, இராமலிங்கம் வந்து, "நீ படு அண்ணை, நான் நிக்கிறன்" எண்டான், தெய்வேந்திரம் கையால ஈ கலைக்கிற மாதிரிக் கலைச்சுவிட்டான். ஏன்? அரியத்துக்கு அதுதான் திருப்பித் திருப்பி ஓடுது, கிணத்துக் கப்பி மாதிரி, ஏன் நிக்கிறான், கோவக்காரன் ஏன் நிக்கிறான். நான் சாகிறதைப் பக்கத்தில நிண்டு பாக்கவோ. இருக்கும். நியாயம்தான். நான் அவனெண்டா கதிரை போட்டு இருந்து பாப்பன். இல்லை, அப்பிடியெண்டா ஏன் என்ர முகத்தில மொய்க்கிற இலையானைக் கலைக்கிறான்? அந்த நீளக் கையில ஒரு மட்டைத் துண்டு, அது அரியத்தின்ர முகத்துக்கு மேல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகுது, போகுது, கூரை தெரியுது, மறையுது, தெரியுது. கலைக்கிறவன் முகத்தைச் சுவருக்குத் திருப்பி வைச்சுக்கொண்டு கலைக்கிறான், தனக்கும் கைக்கும் சம்பந்தமில்லாத மாதிரி. அடேய் கொக்கு, எண்டு சொல்ல வாயைத் திறந்தான், காத்துத்தான் வந்தது. நல்லதுக்குத்தான். கொக்கெண்டு கூப்பிட்டிருந்தா மட்டை நிண்டிருக்கும்.

சப்பாத்துச் சத்தம். பியசேன. சமையல் பக்கத்தில நிக்கிற ஆமிக்காரன், வயசாளி, ஓய்வு எடுக்கிற வயசில என்னத்துக்கோ இன்னும் நிக்குது மனிசன். மத்தியானமும் தண்ணிப் பைப் திறக்கிற நேரமும் வந்து பாப்பான், கட்டிலில கிடக்கிறவன் முடிஞ்சுதெண்டா பலகை வரும். பலகையெண்டா இந்த நெல்லுக் களஞ்சியத்தின்ர கதவுப் பலகைதான், ஒரு பக்கம் இன்னும் பச்சைப் பெயின்ற் கிடக்கு, வாசலுக்கு வெளியில சாத்தி வைச்சிருக்கிறது, இஞ்ச கிடந்து பாத்தா அதின்ர ஒரு மூலை தெரியுது. தெரியாதெண்டு நினைச்சுக் கண்ணை அங்கால திருப்பினான், அதுவே கண்ணைப் பிடிச்சு இழுக்குது. சப்பாத்து வந்து தலைமாட்டில நிண்டுது. "தம்பி. நீ செத்து இல்லயா?" அந்த ஆளுக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான், வேணுமெண்டு கேக்கேல்லை, கேட்ட குரலில பஞ்சு மாதிரி ஏதோ இருந்தது. அரியத்துக்கு விடை நாக்கில வந்து நிண்டுது, இல்லை மாத்தயா, சோறு வரட்டுமெண்டு பாக்கிறன், எண்டு. வரேல்லை. விரலை மட்டும் ஆட்டிக் காட்டினான். "ஆ, ஹொந்தயி", சிங்களத்தில நல்லது, எண்டிட்டுப் பியசேன குனிஞ்சு நேற்றைக்கு மாதிரியே பேப்பர்த் துண்டில மடிச்ச உப்பை மரியநாயகம் அண்ணையின்ர கைக்குள்ள வைச்சுப்போட்டு, ஆரும் பாக்கினமோ எண்டு பின்னால பாத்துக்கொண்டு போச்சு. குசினி உப்பு. பிடிபட்டா அந்த ஆளுக்கும் பிரச்சினைதான். இந்தச் சண்டையில அரியத்துக்கு ஆமிப் பக்கத்தில ஒரு ஆளோடதான் ஒத்துப்போச்சு, அதுவும் சமையல்காரன், என்ன அதிசயம். பிடிபட்ட அண்டைக்கு அரியத்தின்ர கையில துவக்கு இருக்கேல்லை, அகப்பை இருந்தது. உழவு மெசினில சோத்துக் கிடாரத்தை ஏத்திக்கொண்டு சண்டை பிடிக்கிற பெடியளுக்கெண்டு முன்னுக்குப் போனவன், முன்னெண்டு நினைச்ச இடம் பின்னாப் போயிட்டுது, ஆமி நடுவில நிக்குது, "கையைத் தூக்கு" எண்டாங்கள், தூக்கினான், அகப்பையோட. பருப்பு வழிஞ்சு முழங்கையால ஓடினது. விசாரிச்சவன் கேட்டான், உன்ர ஆயுதம் எங்கை. இதுதான் ஐயா எண்டு அகப்பையைக் குடுத்தான், அதுக்கு ஒரு அறை விழுந்தது, ஆனா பின்னால நிண்ட வயசாளி ஒண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சது. அதுதான் பியசேன. அண்டைக்குச் சிரிச்சதுக்குத்தான் இண்டைக்கு உப்போ. ஒரு பகிடிக்கு இவ்வளவு நாள் கழிச்சு உப்பு வருமோ. வந்திருக்கே.

சூடு. உடம்பு இல்லாமல் போய்க்கொண்டு வாற மாதிரி, கால் எங்கை முடியுது சாக்கு எங்கை தொடங்குது எண்டு தெரியேல்லை. மண்டபம் நித்திரை. மத்தியான வெக்கையில எல்லாரும் இப்பிடித்தான் விழுந்திடுவாங்கள், மூச்சுச் சத்தம் மட்டும் கரைக்கு வாற அலை மாதிரி, வருது, போகுது. வெய்யில் ரொட்டி சுவரில இருந்து இறங்கி நிலத்துக்கு வந்திட்டுது, இப்ப ஆற்றயோ தோளில ஏறிப் படுத்திருக்கு, அடுத்தது தன்னிட்டத்தான் வரும், தன்னைத் தாண்டிக் காணுக்குப் போனா தண்ணிப் பைப் திறக்கிற நேரம், பியசேன, பலகை. வட்டமே, ஆறுதலா வா. அம்பிகை ரொட்டி சுட்டா ஒரு பக்கம் கருக்கித்தான் சுடுவாள், கேட்டா கருகினதுதான் வயித்துக்கு நல்லதெண்டுவாள், சமையல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கருக்கிற ஒரே பொம்பிளை. கலியாணத்தண்டு மணவறையில இருந்து அவளின்ர காதுக்க, "ஐயர் புகையைக் கூட்டுறார், நெய் கள்ள நெய் போல" எண்டான், அவள் சிரிப்பை அடக்க ஏலாமல் தாலி கட்டேக்கை தோள் குலுங்கி, முடிச்சு வழுகி, பொம்பிளை அழுகுதெண்டு எல்லாரும் உச்சுக்கொட்டினவை. மாப்பிள்ளை. அண்டைக்கு உண்மையான மாப்பிள்ளை. நான் இருக்கிறனோ இல்லையோ எண்டு அவளுக்குத் தெரியாது. பொட்டு வைக்கிறாளோ, விட்டிட்டாளோ. வைக்கட்டும். நான் இருக்கேக்கை அழிச்சாளெண்டா எனக்குக் கெட்ட கோவம் வரும், நான் இல்லாதபோது வைச்சிருந்தாலும் பரவாயில்லை, அவளுக்கு அது வடிவு. ஒரு பெரிய கிடாரம் தெரிஞ்சுது, அதுக்குள்ள கஞ்சி, கஞ்சிக்குள்ள சிவபாதம் கழுத்தளவுக்கு இருந்து, "உப்புக் காணாது மச்சான்" எண்டான். பக்கத்தில சவிரி, கையில பேணி, பேணி நிரம்பத் தண்ணி, "இனி எனக்கு வேண்டாம், குடிச்சிட்டன், மாமாட்டச் சொல்லு" எண்டான். செங்கண்மாரிக்காரன் வெள்ளையா இருந்தான். எல்லாருக்கும் இடம் இருந்தது, அந்தக் கிடாரத்துக்குள்ள எல்லாரும் மல்லாக்கக் கிடந்தினம், ஆருக்கும் ஆற்ற நாரியும் முட்டேல்லை, எவ்வளவு சுகம். வா எண்டு ஒருத்தரும் கூப்பிடேல்லை. வராதை எண்டும் சொல்லேல்லை. அரியம் அகப்பையை விட்டுப்போட்டு ஒரு காலை உள்ளுக்கு வைச்சான், இளஞ்சூடு, எவ்வளவு நல்ல சூடு, தொடையெல்லாம் பரவி, நாரிக்குக் கீழால ஊறி, அப்பிடியே ஓடி...

"அடேய்!" எண்டு ஒரு கத்தல். மட்டை நிண்டுது. "அடேய் மூதேவி, என்ர காலில என்னடா, சுடுது!" அரியம் கண்ணைத் திறந்தான். வெய்யில் வட்டம் தன்ர நெஞ்சில நிக்குது. மேல, எட்டாத உயரத்தில, தெய்வேந்திரத்தின்ர முகம் கீழ குனிஞ்சு தன்ர ஒத்தைக் காலைப் பாக்குது, கால் மாத்துவமெண்டு பாத்து, மடிச்ச காலை எடுக்க மறந்து, தள்ளாடி, சுவரைப் பிடிச்சு, மூக்கைச் சுருக்கி, ஒருக்கா மணந்து, பேந்து இன்னொருக்கா மணந்தது. எத்தனையோ நாளா அரியத்தோட கதையாத வாய். "சலம்," எண்டான் மெதுவா. பேந்து கூரைத் தகரம் அதிரக் கத்தினான், "நாயகம் அண்ணை! சலம்! சலம் விட்டிட்டான்! என்ர காலிலதான் விட்டவன்!" மண்டபம் எழும்பினது. படுத்த படுக்கையிலயே தலையள் எழும்பினது, எலும்பும் தோலுமா, சிரங்கும் பேனுமா, சாறத்தைக் கொடுக்குக் கட்டிக்கொண்டு ரெண்டு பேர் ஊர்ந்து வந்து உண்மையோ எண்டு சாக்கைத் தொட்டுப் பாத்தினம், இராமலிங்கம் மூக்கைத் தோண்டுறதையும் விட்டுப்போட்டுக் கையைத் தட்டினான். ஒரு மனிசன் ஒண்டுக்குப் போனதுக்கு இவ்வளவு ஆரவாரம் அவன் பிறந்து முதல் தரம் போனபோதும் இருந்திருக்காது. மரியநாயகம் அண்ணை நெத்தியிலயும் நெஞ்சிலயும் குரிசு போட்டார், பேணியை எடுத்தார், "குடி" எண்டார், பேந்து மற்றப் பக்கம் பாத்து மூக்கைச் சிந்தினார். சவிரி குடிச்சிட்டானாம் அண்ணை, உங்களிட்டச் சொல்லட்டாம். அரியம் இதை வாயாலதான் சொன்னானோ, சொன்னதா நினைச்சானோ தெரியாது, ஆனா மனிசன் சட்டெண்டு திரும்பி அவன்ர நெத்தியில கையை வைச்சார், கனநேரம் வைச்சிருந்தார். "மாப்பிள்ளை பன்னீர் தெளிச்சுப்போட்டார்," எண்டு எங்கையோ ஒருத்தன் தொடங்கினான். "இனிச் சபைக்கு வெத்திலை குடுங்கோடா." "தோழனுக்குத்தான் முதல் மரியாதை, பாத பூசை." வந்திட்டுது. நக்கல் வந்திட்டுது, நாலா பக்கத்தாலயும் வருது, காதுக்குள்ள பூ மாதிரி விழுகுது, அரியத்துக்குக் கண்ணால தண்ணி வழிஞ்சது, பாருங்கோ, கண்ணீருக்கும் உடம்பில தண்ணி வேணும், அதுவும் வந்திட்டுது. தெய்வேந்திரம் காலை உதறினான். அரியத்தைப் பாத்தான். நேராப் பாத்தான். "விடியத்தில இருந்து ஒத்தைக் காலில நிக்கிறன்," எண்டான், "கொக்கு மீன் வருமெண்டுதானே நிக்கும். இதுதான் கிடைச்சுது எனக்கு." முகத்தில சிரிப்பில்லை. ஆனா கொக்கெண்டு அவனேதான் சொன்னது. அரியம் அதைப் பிடிச்சுக்கொண்டான், ஒரு கையால கயிறு பிடிக்கிற மாதிரி.

வெய்யில் வட்டம் நெஞ்சைத் தாண்டிக் காணுக்குள்ள இறங்கினது. வெளியில பைப் கொறகொறவெண்டு இருமினது, சப்பாத்து வந்தது, வாசலில நிண்டு, சத்தத்தைக் கேட்டு, என்ன எண்டு கேக்க, ஆரோ கையால சாடை காட்டி விளங்கப்படுத்தினான், எப்பிடிக் காட்டியிருப்பான் எண்டு நீங்களே யோசியுங்கோ, பியசேன அகப்பையைக் கண்ட அண்டைக்கு மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சது. பலகையைச் சாத்தின இடத்தில விட்டுட்டுப் போச்சு. பச்சை மூலை இன்னும் தெரியுது. தெரியட்டும். நாளைக்கு என்னெண்டு ஆருக்குத் தெரியும், வயிறு இன்னும் உருளுது, தேகத்தில பிடிக்கச் சதையில்லை, இன்னும் எத்தனை பேணி குடிக்கவேணுமோ, எத்தனை பேற்ற உள்ளங்கையோ. அதையெல்லாம் நாளைக்கு யோசிப்பம். இப்ப அவனுக்கு ஒரு ஆசை. சுவரில கையை ஊண்டினான். நாரியை நகர்த்தினான், நாரி கேக்கேல்லை, திரும்பவும் நகர்த்தினான். "என்னடா செய்யிறாய், விசரா, சும்மா கிட," எண்டார் அண்ணை. அரியம் நாக்கை அண்ணத்தில இருந்து பிடுங்கி எடுத்தான். "ஏலோ" எண்டான். ஈனக் குரல், பூனைக்குட்டி முனகின மாதிரி, வரிசையைப் புரட்டுற குரலா அது. மரியநாயகம் அண்ணை ஒரு கணம் அவனைப் பாத்தார். பேந்து நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்து, கரைவலையில பாரை மீன் பட்ட அண்டைக்கு வைக்கிற மாதிரி ஒரு குரல் வைச்சார், "ஏலோ...!" முழு வரிசையும் புரண்டுது, தோளும் முழங்காலும் எலும்பும், ஒரே அலை, அந்த அலை வந்து அடிச்ச அடியில அரியமும் புரண்டான், ஆற்றயோ கை நாரியைத் தள்ளிக் குடுத்தது, கூரை சரிஞ்சுது, ஓட்டை போச்சு, சுவர் போச்சு. முன்னால ஒரு ஆள் படுக்கக்கூடிய இடம் வெறுமையாத் தெரிஞ்சுது. அதைக் கையால தட்டினான், ரெண்டு தரம். மேலயிருந்து ஒரு பெருமூச்சு, ஒரு முனகல், வீங்கின கால் மடங்கி, நீளமான உடம்பு பகுதி பகுதியா, தட்டிவானில இருந்து சாமான் இறக்கிற மாதிரி இறங்கி, அந்த இடத்தில வந்து படுத்தது. அரியத்தின்ர கண்ணுக்கு முன்னால ஒரு பிடரி. நீட்டுப் பிடரி, ஊத்தை வரி வரியா, காதுக்குப் பின்னால ஒரு மச்சம், இவ்வளவு நாளும் காணாத பிடரி. எவ்வளவு வடிவு. கூரையில ஒண்டுமில்லை, சும்மா தகரம்.

"மூச்சை அங்கால விடடா," எண்டுது பிடரி. "நாறுது."

"கொக்கு," எண்டான் அரியம், சொல்லுக்குச் சொல்லு மூச்சு வாங்கி, "குளத்தில நிக்கிறனி... கழுத்தை ஒருக்காக் கழுவினா என்ன?"